ஒரு நாள் விட்டு ஒரு நாள்

மாப்ளே,

குடோனில் எலி செத்த நாற்றம். ஞாயிறு என்பதால் ஆள் யாரும் இல்லை. இன்று காலை நானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரோரம் அடுக்கியிருந்த பருத்திக்கொட்டை மூட்டைகளை இழுத்து நகர்த்தினேன். கடைசி மூட்டைக்குப் பின்னால் எலி கிடந்தது. அதன் பக்கத்தில் உன் பெல்ட்டும் கிடந்தது. எடை தூக்கும்போது இடுப்பில் இறுக்கிக் கட்டுவாயே, அந்தத் தோல் பெல்ட். ஓரத்தை எலி கொறித்திருந்தது. தூசியைத் தட்டி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். வலித் தைலம், வேர்வை, கடலைப் புண்ணாக்கு. எலி நாற்றத்தையும் மீறி அது உன் வாசனையாகவே இருந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது ஷட்டரைத் தட்டும் சத்தம். திறந்தால் உன் மகள் பாண்டீஸ்வரி. ஷூ மாட்டி, தலைமுடியை இழுத்துக் கட்டித் தயாராக வந்திருந்தாள்.

"மாமா, ஷெட்டுச் சாவி."

நான் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கடைசியில் சொல்கிறேன். நான் செய்தது சரியா, அதிகப்பிரசங்கித்தனமா என்று கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை. அதனால்தான் செத்துப்போன உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே வயசு. கம்பம் மார்க்கெட்டில் ஒரே லாரியில் மூட்டை இறக்கப் பழகியவர்கள். லோடுமேன் பிழைப்பு முதுகோடு முடிந்துவிடும் என்று எனக்குச் சீக்கிரமே புரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி விற்று, கூடலூரில் குமுளி ரோட்டில் மாட்டுத்தீவனக் கடை போட்டேன். உன்னையும் பங்குக்குக் கூப்பிட்டேன். "எனக்கு உக்காந்து பேசி விக்கிற வேல ஆகாது மாப்ளே. குண்டி மரத்துப் போகும்" என்று சொல்லிவிட்டு, என் கடைக்கே லோடுமேனாக வந்தாய். கேரளாவிலிருந்து ஜீப்பில் தீவனம் ஏற்ற வருகிறவர்கள் வழியில் நின்றால், "சேட்டா, கொறச்சு மாறிக்கோ" என்று மலையாளத்தில் விலகச் சொல்லி, முதுகில் மூட்டையோடு போவாய். அவர்கள் முன்னால் என்னை "மொதலாளீ" என்று இழுத்துக் கூப்பிடுவாய். ஜீப் திரும்பியதும், "டேய், டீ சொல்றா."

குடோனுக்குப் பின்னால் இருந்த தகர ஷெட்டை நீதான் கேட்டு வாங்கினாய். லாரியின் பழைய இரும்பு ராடு, இரண்டு பக்கமும் எண்ணெய் டின்னில் ஊற்றிய சிமெண்ட். அதுதான் ஆரம்பம். பிறகு வலுதூக்கும் போட்டிகளுக்குப் போனாய், ஜெயித்தாய், நிஜமான பிளேட்டுகள் வந்தன. ஊர்ப் பையன்கள் வந்தார்கள். கடை திறக்குமுன் ஷெட்டில் தூக்குவாய். கடை திறந்ததும் மூட்டை. சாயங்காலம் மறுபடி ஷெட்.

நான் வியாபாரி. அடுத்தவன் கணக்கில் எங்கே ஓட்டை என்று பார்ப்பதுதான் என் தொழில். உன் கணக்கில் இருந்த ஓட்டை எனக்கு அப்போதே தெரிந்தது. ராடு தூக்குவது மட்டும்தான் உனக்குத் தூக்குவது. மூட்டை தூக்குவது சோறு. அது கணக்கில் வராது. கடைக்கு லோடு வராத நாளில் "இன்னிக்கு லீவுதான" என்று ஷெட்டில் இரண்டு மடங்கு தூக்குவாய். "இன்னிக்கு ஷெட்டுக்கு லீவு" என்று சொல்லும் நாளில் ஒரு லாரி முழுக்க இறக்குவாய். கடைக்குத் தனி லீவு, ஷெட்டுக்குத் தனி லீவு. முதுகு மட்டும் ஒன்றே ஒன்று. நீ மட்டும் இல்லை, ஷெட்டுக்கு வந்த லோடுமேன் பயல்கள் அத்தனை பேரும் இதே கணக்குத்தான் போட்டார்கள்.

தேனியில் ஒரு போட்டி முடிந்து, போடியிலிருந்து வந்திருந்த கோச் ஒருவர் உன்னிடம் பேசினார். நமக்கு இளையவர், நல்ல பேச்சுக்காரர்.

"அண்ணே, வாரத்துல எத்தன நாள் பண்றீக?"

"தெனமும்."

"ரெஸ்ட்டு?"

"அதான் ராத்திரி தூங்குறேன்ல."

"அது பத்தாதுண்ணே. தூக்குறப்போ சதை லேசா கிழியும். சும்மா இருக்கிற நாள்லதான் அது ஒட்டும், வளரும். தூக்குற நாள்ல யாருக்கும் பலம் ஏறுறதில்ல. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வைங்க. மூட்ட தூக்குற நாளையும் அதுல சேத்துக்கங்க."

"மூட்டையா? அது வேல தம்பி. எக்சர்சைஸ் இல்ல."

"ஒங்களுக்குத் தெரியும்ணே. ஒங்க முதுகுக்குத் தெரியாதுல்ல."

நல்லது சொன்னவரிடம் மரியாதையாகத் தலையாட்டினாய். பஸ் ஏறியதும் ஆரம்பித்தாய். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் தூக்குனா, எம்பொண்டாட்டி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் சோறு போடுவா." முன் சீட்டுக்காரர்கூடத் திரும்பிச் சிரித்தார். சின்னமனூர் தாண்டும்வரை அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாய். நானும் சிரித்தேன். சிரிக்கும்படியாகத்தான் சொன்னாய்.

ஊருக்கெல்லாம் லீவு சொல்லத் தெரிந்தவன் நீ. சுருளிப்பட்டி விவசாயி ஒருவர் புண்ணாக்கு வாங்க வந்தபோது, சினை மாட்டில் இன்னும் பால் கறப்பதாகப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார். நீ மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாய்.

"நெறமாசத்துலயா கறக்குறீக?"

"லிட்டர் கணக்குல வருதுப்பா. விட மனசு வரல."

"அந்தப் பாலுக்கு ஆசப்பட்டு மாட்ட அழிக்கப் போறீக. வத்த விடுங்க. கன்னு போடுற வரைக்கும் மடிக்கு லீவு. இல்லேன்னா அடுத்த ஈத்துல பாலும் இருக்காது, மாடும் இருக்காது."

நான் கல்லாவிலிருந்து கேட்டேன்: "மாட்டுக்கு லீவு சொல்ற. ஒனக்கு?"

"மாடு கன்னு போடணும். நான் என்னத்தப் போடப் போறேன்?"

அந்த விவசாயி உன் பேச்சைக் கேட்டுக் கறவையை நிறுத்தினார். கன்று பிறந்ததும் தூக்குப்போணியில் சீம்பால் கொண்டுவந்து உன் கையில்தான் கொடுத்தார். நீ மூட்டை அடுக்கில் உட்கார்ந்து வழித்துத் தின்றாய். எனக்குக் கொஞ்சம்தான் வைத்தாய்.

ஒரு தடவை வேடிக்கையை விட்டுவிட்டுக் கேட்டேன். லாரி வரத் தாமதமான மத்தியானம். நீ உட்காராமல் குடோனுக்குள் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தாய்.

"உக்காரேன்டா. ஏன் இப்படிக் கூண்டுப்புலி மாதிரி அலையுற?"

"உக்காந்தா வலிக்குது மாப்ளே" என்றாய். "தூக்குறப்போ ஒண்ணும் தெரியல. நின்னுட்டா எங்கிட்டிருந்துதான் வருதோ, சொந்தக்காரங்க மாதிரி மொத்தமா வந்து எறங்குது. அதான் நிக்க விடுறதில்ல."

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. லீவு வேண்டாம் என்று நீ சொன்னது திமிர் இல்லை. பயம். லீவு விட்டால் உடம்பு என்ன நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

"லோடுமேன் ஒரு நாள் வரலேன்னா அங்கன இன்னொருத்தன் நிப்பான்" என்றும் சொன்னாய். "நீயே நிப்பாட்டுவ."

நான் இல்லை என்று சொல்லவில்லை. சொன்னால் நீ நம்பவும் மாட்டாய். லாரி காத்திருக்காது, டிரைவர் காத்திருக்க மாட்டான், மழை காத்திருக்காது. உன் இடத்தில் அதே மூட்டைக்குக் கீழே நானும் நின்றவன்தானே. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வலி மாத்திரை எப்போது ஆரம்பித்தாய் என்று எனக்குத் தெரியாது. மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கி, எல்லா லோடுமேனும் சட்டைப் பையில் பாக்கோடு சேர்த்து வைத்திருக்கிற மாத்திரைதான். காலையில் ஒன்று என்பது மத்தியானமும் ஒன்று என்றானது. கோடையில், தகரத்துக்குக் கீழே, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல். கேட்டால் "தண்ணி குடிச்சா வயிறு கனக்கும்" என்பாய். உன் மனைவி என்னிடம் வந்து, "அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. நான் சொன்னா அவுக எங்க கேக்குறாக" என்று அழுதது. நான் உன் வீட்டுக்கே வந்து சொன்னேன். கத்தினேன். நீ கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆணியில் தொங்கிய பெல்ட்டை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாய்.

அதனால் எனக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை, மாப்ளே. உன்மேல் கோபம்தான் இருக்கிறது. அது குறையவும் இல்லை.

கடைசிப் போட்டியிலும் ஜெயித்தாய். மேடையிலிருந்து இறங்கி ஷூவைக் கழற்ற முடியவில்லை. கால் அப்படி வீங்கியிருந்தது. மூத்திரம் டிகாஷன் நிறத்தில் போகிறது என்று பஸ்ஸில் என் காதோரம் சொன்னாய், கெட்ட வார்த்தை சொல்கிற மாதிரி. மறுநாள் தேனியில் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர், வலிக்கு மாத்திரை எடுப்பீர்களா என்று கேட்டார்.

"அப்பப்போ" என்றாய்.

உன் பின்னால் நின்ற பாண்டீஸ்வரி, "தெனமும்" என்றாள். "வருசக்கணக்கா."

சிறுநீரகம் இரண்டுமே போய்விட்டது. மாத்திரை, வெயில், தண்ணீர் குடிக்காத உடம்பு, ஓய்வில்லாத சதை, எல்லாம் சேர்ந்து செய்தது என்று டாக்டர் விளக்கினார். இனி மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். எத்தனை நாளைக்கு ஒருதடவை என்று கேட்டேன்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள்."

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். உனக்கு அந்த பஸ் ஞாபகம் வந்ததென்று எனக்குத் தெரிந்தது. எனக்கும் அதுதான். ஆனால் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

பிறகு உன் வாழ்க்கை முழுக்க அந்தக் கணக்கில்தான் ஓடியது. விடியற்காலை பஸ், தேனி, மிஷின், மத்தியானத்துக்கு மேல் துவைத்த துணி மாதிரித் திரும்பி வருவது. ஊசி குத்துவதற்காக இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்தக் கையில் வாளிகூடத் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தைத்த இடத்தில் என் விரலை எடுத்து வைத்து, "மோட்டார் ஓடுது பாரு" என்றாய். உண்மையாகவே உள்ளே கிர்ரென்று ஓடியது. குடிக்கிற தண்ணீருக்கு அளவு. தாகம் தாங்காமல் ஐஸ்கட்டியை வாயில் போட்டுச் சப்புவாய். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. வீட்டைச் சுற்றிலும் தென்னையும் வாழையுமாக இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு.

மிஷின் இல்லாத நாளில் கடைக்கு வருவாய். மூட்டை அடுக்கின்மேல் உட்காருவாய். பெல்ட் கட்டாவிட்டால் முதுகு நிற்காது என்று அதை மட்டும் விடவில்லை. இடுப்பு சிறுத்துக்கொண்டே வந்ததால், ஆணியைச் சுத்தியலால் அடித்துப் புதிது புதிதாகத் துளை போட்டாய். வாங்கும்போதே இருந்த துளைகள் ஒரே சீராக இருந்தன. நீ போட்ட துளைகள் கோணல்மாணலாக உள்ளே உள்ளே போயின. உன் இடத்தில் நான் வைத்த புது லோடுமேனை அங்கிருந்தே விரட்டுவாய்.

"ஏலே, முட்டிய மடக்கி எடு. முதுக வளைக்காத."

"சரிண்ணே" என்பான். முதுகை வளைத்தே எடுப்பான்.

"மாத்திர போடுறியாலே?"

"இல்லண்ணே" என்பான். அவன் சட்டைப் பையைப் பார்த்துவிட்டு நீ என்னைப் பார்ப்பாய்.

ஒரு நாள் சொன்னாய்: "இப்பத்தான் மாப்ளே எனக்கு லீவு. லீவுன்னா இப்படித்தான் இருக்குமா எல்லாருக்கும்?"

நான் ஒரு ஜீப்காரனிடம் விலை பேசப் போய்விட்டேன். நீ அந்தப் பெல்ட்டைக் கழற்றி மூட்டைகளுக்குப் பின்னால் போட்டதும் அந்த நாட்களில்தான் இருக்க வேண்டும். கட்டுவதற்கு அதில் இடம் முடிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மிஷினுக்கும் லீவு. அதனால் வாரத்தில் ஒருமுறை மட்டும் இடைவெளி ஒரு நாள் கூடிவிடும். அந்த இடைவெளியில்தான் உடம்பில் சேர்ந்த நீர் உன் நெஞ்சுக்கு ஏறியது. திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு உன் மனைவி எழுப்பியபோது நீ இல்லை.

அதன்பிறகு கடையில் ஒரு முடிவெடுத்தேன். ஞாயிறு லோடு கிடையாது, எல்லாருக்கும் லீவு, அன்றைக்கும் கூலி உண்டு. பெரிய மனசுக்காரன் என்று யாரும் சொல்ல வேண்டாம். முதுகு போன ஆளை வைத்து எனக்கும் வியாபாரம் ஓடாது. முதல் ஞாயிறு, அந்தப் புது லோடுமேனும் கூட இருந்தவனும் கம்பம் ரோட்டில் ஒரு தேங்காய் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். மறுநாள் கேட்டால், "ஒங்க கடையில லீவுதானண்ணே" என்றான் ஒருவன். உன் கணக்கு, மாப்ளே. அச்சு அசலாக உன் கணக்கு. நீ செத்தும் அது சாகவில்லை.

பாண்டீஸ்வரியும் அதைத்தான் பிடித்துக்கொண்டாள். காரியம் முடிந்த மறுநாளே ஷெட்டுக்கு வந்துவிட்டாள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு ஒரு செலக்சன் வருகிறது. அதில் தூக்கிவிட்டால் வீடு நிமிர்ந்துவிடும், அது உண்மை. ஆனால் அதற்காக மட்டும் அவள் தூக்கவில்லை. தினமும் தூக்கினாள். வலது தோள் தூக்கும்போது ஒரு இடத்தில் சிக்குவதை நானே பார்த்தேன். போன வாரம் மெடிக்கல்காரர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, ஒங்க கூட்டாளி மகளும் வந்து அதே மாத்திரையக் கேட்டுச்சு." "குடுத்தியா?" என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

அன்றிலிருந்து ஷெட்டை வாரத்தில் ஞாயிறும் புதனும் பூட்டிவிடுகிறேன். சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்து வைத்திருக்கிறேன். மாற்றுச் சாவியை முல்லையாற்றில் போட்டுவிட்டேன்.

இன்று காலைக்கு வருகிறேன்.

"மாமா, ஷெட்டுச் சாவி."

"இன்னிக்கு லீவுத்தா."

"செலக்சன் வருது மாமா."

"செலக்சன் ஒனக்கு. தோளுக்கு லீவு."

"தோளு நல்லாத்தான் இருக்கு."

"மாத்திர போட்டா நல்லாத்தான் இருக்கும்."

அவள் முகம் மாறியது. என்னை நேராகப் பார்த்தாள். உன் கண்தான் அவளுக்கு. பிறகு ரொம்ப அமைதியாகக் கேட்டாள்.

"அப்பா லீவு நாள்லதான மாமா போனாக?"

மாப்ளே, இந்தக் கடையில் உட்கார்ந்து எத்தனையோ பேரைப் பேசி மடக்கியிருக்கிறேன். விலைக்கு, எடைக்கு, பழைய சரக்குக்கு, எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கும். அது வேறு லீவு, இது வேறு லீவு என்று சொல்லலாம். டாக்டர் சொன்னதைச் சொல்லலாம், கோச் சொன்னதைச் சொல்லலாம், சினை மாட்டைக்கூடச் சொல்லலாம். அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

என் கையில் உன் பெல்ட் இருந்தது. அதை நீட்டினேன். வாங்கினாள். மோந்து பார்த்தாள். நீ அடித்த துளைகளை வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனாள். கடைசித் துளைக்கு வந்ததும், நீ உட்காருகிற அதே மூட்டை அடுக்கில் உட்கார்ந்துவிட்டாள்.

சண்டை போடுவாள் என்று நினைத்துக்கொண்டு நான் நின்றேன். அவள் கை மெல்ல வலது தோளுக்குப் போனது.

"வலிக்குது மாமா."

"எப்போருந்து?"

"இப்பத்தான். உக்காந்த ஒடனே."

அவளுக்கு அது யார் பேச்சு என்று தெரியாது. உன்னிடமிருந்து அதைக் கேட்டவன் நான் மட்டும்தான்.

"எந்திரிச்சுப் போயித் தூக்குனா நின்னுரும் மாமா" என்றாள். "குடுங்க மாமா. கொஞ்ச நேரம் மட்டும்."

"வலிக்கட்டும்" என்றேன். "உக்காரு."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். உன்னை எடுத்த நாளில் தகவல் சொல்ல, வண்டி பிடிக்க, ஆள் பார்க்க என்று ஓடிக்கொண்டே இருந்தவள். அன்று அழாத அழுகை. குடோனில் எலி நாற்றம் இன்னும் போகவில்லை. நானும் எதிர் மூட்டையில் உட்கார்ந்தேன். காலையில் இழுத்த மூட்டைக்கு என் முதுகு அப்போதுதான் வலிக்கத் தொடங்கியது.

சாவி இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. எடுத்துக் கொடுத்தால் அவள் அழுகை அந்த நிமிஷமே நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். கொடுக்கவில்லை. இப்போதும் அது என் இடுப்பில்தான் இருக்கிறது.